கஞ்சி நீர்த்தால் உயரம் குறையும்: 6 முதல் 24 மாதம் வரை என்ன நடக்கிறது?

கேள்வியின் சுருக்கம் இது: பெண் குழந்தை, வயது 14 மாதம். நீளம் 72 செ.மீ., எடை 8.4 கிலோ. 9 மாதத்தில் அளந்தபோது 68 செ.மீ. தாய்ப்பால் இரவில் மட்டும். பகலில் கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணீர் விட்ட சாதம், நாலைந்து முறை பசும்பால், இடையில் பிஸ்கட். அப்பா அம்மா இருவருமே உயரம் குறைவு. இது பரம்பரையா, சாப்பாடா? உயரம் கூட என்ன கொடுக்கலாம்?

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 9 மாதப் பெண் குழந்தையின் நடுமதிப்பு நீளம் 70.1 செ.மீ., 14 மாதத்தில் 76.4 செ.மீ. 14 மாதத்தில் 71.0 செ.மீ.க்குக் கீழே போனால்தான் அதை 'வயதுக்கேற்ற உயரமின்மை' என்று கணக்கில் எடுப்பார்கள். உங்கள் குழந்தை அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறாள். ஆனால் நான் கவலைப்படுவது அந்த ஒற்றை அளவைப் பார்த்தல்ல. இந்த 5 மாதத்தில் மற்ற குழந்தைகள் சராசரியாக 6.3 செ.மீ. வளர, இவள் 4 செ.மீ. வளர்ந்திருக்கிறாள். வளைகோடு கீழ்நோக்கித் திரும்புகிறது. எடை அவ்வளவாகக் குறையவில்லை, நீளம்தான் பின்தங்குகிறது. மெலிந்து தெரியாததால் வீட்டில் யாருக்கும் உறுத்தியிருக்காது. சின்னதாக, துறுதுறுவென்று இருக்கும் குழந்தை என்று விட்டுவிடுவார்கள்.

இதை நம்பி உணவை மாற்றுவதற்கு முன் அளவு சரியா என்று பாருங்கள். 2 வயதுக்குக் கீழே நிற்க வைத்து அளக்கக் கூடாது. படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒரே குழந்தையை நிற்க வைத்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும். அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்து உச்சி பலகையில் முட்டும்படி, பார்வை நேராக மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். இன்னொருவர் முழங்கால் இரண்டையும் மெல்ல அழுத்திப் பாதங்களை நகரும் பலகையில் ஒட்ட வைக்க வேண்டும். ஒரு காலை மட்டும் நீட்டி அளந்தால் இடுப்பு சாய்ந்து அளவு பிசகும். உச்சிக்குடுமி இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். டைலர் நாடாவை முதுகோரம் வைத்து எடுத்த அளவுக்கு மதிப்பே கிடையாது. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பலகையில் இருமுறை அளந்து, இரண்டும் அரை செ.மீ.க்குள் ஒத்துப்போனால் தாய் சேய் நல அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால் 2 வயது வரை எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்த வயதுக்குத்தான் பார்க்க வேண்டும்.

இனி பரம்பரை. பெற்றோர் உயரத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த வயதில் அதன் குரல் நாம் நினைப்பதைவிடச் சன்னம். 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்துதான் 2006இல் இப்போதைய அட்டவணை வெளியிடப்பட்டது. இந்தியாவிலிருந்து சேர்ந்தவை தெற்கு டெல்லிக் குழந்தைகள். தாய்ப்பால், போதிய இணை உணவு, சுத்தமான சூழல், புகைக்காத தாய் என்று எல்லாம் அமைந்த வீடுகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆஸ்லோ குழந்தையும் டெல்லிக் குழந்தையும் 5 வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தன. 'எங்க குடும்பமே குட்டைதான்' என்ற பேச்சில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உங்கள் உயரமே உங்கள் 2 வயதில் கிடைத்த சாப்பாட்டால் குறைந்ததாக இருக்கலாம். அதை மரபணுக் கணக்கில் எழுதிவிட்டால் பிள்ளைக்கும் அதே கதைதான்.

ஏன் இந்த வயது இவ்வளவு முக்கியம்? பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. இருக்கும் குழந்தை முதல் ஆண்டில் 25 செ.மீ. வளர்கிறது, இரண்டாம் ஆண்டில் 12 செ.மீ. போல. பிறகு வேகம் படிப்படியாகக் குறைந்து ஆண்டுக்கு 6 செ.மீ. அளவில் வந்து நிற்கிறது. மனித வாழ்க்கையில் கருப்பைக்கு வெளியே இவ்வளவு வேகமாக வளரும் காலம் வேறில்லை. பருவ வயதுத் துள்ளல்கூட இதற்குக் கீழேதான். நீள எலும்புகளின் நுனியில் இருக்கும் வளர்தட்டுக் குருத்தெலும்பு பெருகினால்தான் உயரம் கூடும். கலோரி, புரதம், துத்தநாகம் இவற்றில் எது குறைந்தாலும் கல்லீரல் வளர்ச்சி ஊக்கக் காரணிகளைக் குறைத்துச் சுரக்கிறது, வளர்தட்டு நின்று நின்று வேலை செய்கிறது. உடம்புக்கு மூளையும் இதயமும் முக்கியம், உயரம் தள்ளிப்போடக்கூடிய செலவு. அதனால் சிக்கனம் அங்கேதான் முதலில் தொடங்கும்.

இதற்கு நேரடி ஆதாரம் குவாத்தமாலாவில் கிடைத்தது. 1969 முதல் 1977 வரை அங்கே நான்கு கிராமங்களில் தினமும் குழந்தைகளுக்கு ஒரு பானம் கொடுத்தார்கள். இரண்டு கிராமத்துக்கு 'ஆத்தோலே' என்ற கெட்டிக் கஞ்சி, 180 மி.லி. கோப்பையில் 163 கலோரி, 11.5 கிராம் புரதம். மற்ற இரண்டுக்கு 'ஃப்ரெஸ்கோ' என்ற இனிப்பு நீர், 59 கலோரி, புரதம் இல்லை. 3 வயதுக்குள் ஆத்தோலே குடித்த பிள்ளைகள் ஏறக்குறைய 2.5 செ.மீ. கூடுதல் உயரம் பெற்றார்கள். 3 வயதுக்கு மேல் அதே கஞ்சியைக் குடித்தவர்களுக்கு உயரத்தில் பலன் இல்லை. அந்தக் குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், சிறுவயதில் ஆத்தோலே கிடைத்த ஆண்கள் கூடுதல் கூலி ஈட்டியதும் தெரிந்தது.

இப்போது உங்கள் வீட்டு அடுப்புக்கு வருவோம். நம் ஊர்க் குழந்தைச் சாப்பாட்டில் அடிப்படைக் கோளாறு ஒன்றுதான்: தண்ணீர். ஒரு மேசைக்கரண்டி கேழ்வரகு மாவு 10 கிராம் போல இருக்கும், அதில் 32 கலோரி. அதை 200 மி.லி. தண்ணீரில் காய்ச்சினால் 100 மி.லி.க்கு 16 கலோரி. தாய்ப்பாலில் 100 மி.லி.க்கு 65 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதாவது பாலைக் குறைத்துவிட்டு, அதில் கால் பங்கு சத்துள்ள நீரை 'கேழ்வரகு, ரொம்ப சத்து' என்று ஊட்டிக்கொண்டிருக்கிறோம். குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது கிலோவுக்கு 30 மி.லி. கணக்கில், இவளுக்கு 250 மி.லி. அந்தக் கஞ்சியிலேயே வயிறு முட்டிவிடும், அப்புறம் எதைக் கொடுத்தாலும் தலையைத் திருப்பிக்கொள்ளும். 'சாப்பிடவே மாட்டேங்குறா' என்ற புகாரில் பாதி இப்படித்தான் பிறக்கிறது.

12 முதல் 23 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு மொத்தம் 900 கலோரி போலத் தேவை. நடுத்தர அளவு தாய்ப்பால் குடித்தால் மீதி 550 கலோரி உணவிலிருந்து வர வேண்டும். 9 முதல் 11 மாதத்தில் அது 300, 6 முதல் 8 மாதத்தில் 200. நாளுக்கு மூன்று நான்கு வேளை ஊட்டுகிறீர்கள் என்றால் உணவு ஒவ்வொரு கிராமிலும் 0.8 கலோரியாவது இருக்கும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். எடைத் தராசு தேவையில்லை. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சட்டென்று வழியாமல் நின்று மெல்லச் சரிய வேண்டும். பாலாடையில் ஊற்றவோ புட்டியில் உறிஞ்சவோ முடிகிற எதுவும் நீர்த்ததுதான்.

'கெட்டியாகக் காய்ச்சினால் களியாகிவிடுகிறது, விழுங்க முடியவில்லை' என்பீர்கள். உண்மைதான், மாவுச்சத்து தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பும் குணமுடையது. இதற்கு நம் பாட்டிமார் கையிலேயே விடை இருந்தது: முளைகட்டுதல். முளைவிடும் தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடும். கொதித்து இறக்கிய கெட்டிக் களி கொஞ்சம் ஆறி, விரல் வைத்தால் சுடுகிற பதத்தில் இருக்கும்போது, ஒரு தேக்கரண்டி முளைகட்டிய மாவைத் தூவிக் கிளறிப் பாருங்கள். கரண்டி நட்டால் நிற்கிற களி, கண்ணெதிரே சில நிமிடங்களில் இளகி ஓடத் தொடங்கும். சேர்த்த தண்ணீர் துளியும் இல்லை, கலோரியும் குறையவில்லை. பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் குழுவினர் இதைத்தான் குழந்தை உணவுக்காக ஆராய்ந்து முறைப்படுத்தினார்கள்.

செய்முறையில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. கேழ்வரகைக் கழுவி 12 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றரை நாள் வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதை நிழலிலோ இளவெயிலிலோ நன்றாக உலர்த்தி, முளையைத் தேய்த்து உதிர்க்க வேண்டும். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். அடுத்து, வாசனை வரும்வரை சிவக்க வறுக்கிறார்களே, அங்கே நொதி செத்துவிடுகிறது. கடையில் வாங்கும் முளைகட்டிய மாவும் பெரும்பாலும் வறுத்ததுதான். சுவை இருக்கும், இரும்பையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் ஓரளவு குறைந்திருப்பதால் இரும்பும் துத்தநாகமும் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். ஆனால் களியை இளக்காது. ஆகவே கொஞ்சம் மாவை வறுக்காமல் தனி டப்பாவில் வையுங்கள். அதைப் போட்டு இளக்கிய பிறகு கஞ்சியை மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள், கிருமி பயம் தீரும். முளையில் பூஞ்சை வாடையோ பச்சை, கறுப்புப் புள்ளியோ தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

அளவு இப்படி: 25 கிராம் கேழ்வரகு மாவு, 150 மி.லி. தண்ணீர், இளக்க ஒரு தேக்கரண்டி முளைமாவு, 10 கிராம் வறுத்த வேர்க்கடலைப் பொடி, ஒரு தேக்கரண்டி நெய். கிட்டத்தட்ட 190 கலோரி, அதுவும் ஒரு டம்ளருக்குள். பழைய கஞ்சியைப்போல் ஆறு மடங்கு. இனிப்புக்கு வாழைப்பழம் மசித்தால் போதும், சர்க்கரையும் வெல்லமும் இந்த வயதில் பழக்க வேண்டியதில்லை. வேர்க்கடலையைப் பொடியாகத்தான் கொடுக்க வேண்டும். முழுக்கடலை மூச்சுக்குழலில் சிக்கும்.

பருப்புத் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வெந்த பருப்பின் மேல் தெளிந்து நிற்கும் நீரில் கரைந்த உப்பும் மஞ்சள் நிறமும் இருக்கும், புரதம் அடியில் இருக்கும் பருப்பில்தான். அதை வீட்டுப் பெரியவர்கள் சாம்பாருக்கு எடுத்துக்கொள்ள, தண்ணீர் குழந்தைக்குப் போகிறது! எலும்பு சூப்பும் அதே ரகம்: மணம் இருக்கும், சதையைப் பெரியவர்கள் தின்றுவிடுவார்கள். அரிசி இரண்டரைப் பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு என்று போட்டுக் குழைய வேகவைத்து மத்தால் மசித்துவிடுங்கள். புரதத்தின் கட்டுமானப் பொருட்களான அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மீத்தியோனைன் குறைவு. இரண்டும் ஒரே கவளத்தில் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது.

அடுத்தது முட்டை. ஈக்வடாரில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு முட்டை வீதம் ஆறு மாதம் கொடுத்ததில் நீள வளர்ச்சி தெளிவாகக் கூடியது. 2017இல் அந்த முடிவு வெளியானதும் உலகமே முட்டைப் பக்கம் திரும்பியது. பிறகு மலாவியில் அதையே செய்தபோது உயரத்தில் வித்தியாசம் வரவில்லை. அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் படுவது, முட்டை மாயம் செய்வதில்லை, இல்லாத இடத்தை நிரப்புகிறது. உங்கள் குழந்தையின் தட்டில் இப்போது பாலைத் தவிர விலங்குப் புரதமே இல்லை, ஆக நிரப்ப இடம் நிறைய இருக்கிறது. நாளுக்கு ஒரு முட்டை, மஞ்சள் கருவோடு, முழுக்க வெந்தது. வாரம் இரண்டு மூன்று நாள் முள் நீக்கிய மீன் அல்லது கோழியைப் பொடிப்பொடியாகப் பிய்த்துச் சாதத்தில் பிசைந்து. ஈரல் வாரம் ஒருமுறை இரண்டு தேக்கரண்டி போதும், வைட்டமின் ஏ மிகுந்ததால் அதற்கு மேல் வேண்டாம். சைவ வீடு என்றால் தயிர், பனீர், பருப்பு, கடலை ஆகியவற்றை வேளைதோறும் ஏதாவது ஒன்றாகச் சேர்க்க வேண்டும்.

பாலை அளவோடு நிறுத்துங்கள். நாலைந்து முறை என்றால் 600, 700 மி.லி. போகும். ஒரு வயதுக்கு மேல் 400 முதல் 500 மி.லி.யே அதிகபட்சம், தயிரையும் சேர்த்து. பசும்பாலில் இரும்பு இல்லாத குறைதான். உள்ளதைக் குடல் ஏற்பதையும் அதிலுள்ள கால்சியம் தடுக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57 சதவீதத்துக்கு மேல் இரத்தசோகை. அதனால் அரசு கொடுக்கும் இரும்புச் சத்து சிரப்பை வாரம் இருமுறை 1 மி.லி. வீதம் தவறாமல் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பிஸ்கட் மைதாவும் சர்க்கரையும்தான். 'உயரமாக வளர' என்று விளம்பரம் வரும் மாவு டப்பாக்களின் பின்பக்கத்தைப் படியுங்கள், சர்க்கரை எத்தனை கிராம் என்று. அந்தக் காசுக்கு மாதம் முழுக்க முட்டை வாங்கலாம்.

நாள் முழுவதற்கும் ஒரு மாதிரி: காலையில் ஒரு இட்லி, ஒரு தேக்கரண்டி நெய், வெந்த முட்டை. மதியம் 25 கிராம் அரிசியும் 10 கிராம் துவரம்பருப்பும் ஒரு கைப்பிடி கீரையும் நெய்யும் சேர்த்த மசியல். மாலையில் ஏலக்கிப் பழத்தோடு கடலைப் பொடி. இரவில் மேலே சொன்ன கேழ்வரகுக் கஞ்சியில் 100 மி.லி. பால். இவை மட்டும் 600 கலோரியைத் தாண்டும். இதற்கு மேல் இரவுத் தாய்ப்பாலும் ஒரு கிண்ணம் தயிரும். பால், தின்பண்டம் எதையும் சாப்பாட்டுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் கொடுக்காதீர்கள். முதல் வாரம் பாதிதான் உள்ளே போகும். கட்டாயப்படுத்தி வாயில் திணிப்பதைவிட, போன அளவோடு விட்டு அடுத்த வேளை கொடுப்பதே நல்லது.

உணவைச் சரிசெய்தும் உயரம் ஏறாத வீடுகளும் உண்டு. அங்கே பெரும்பாலும் குடல்தான் குற்றவாளி. எட்டு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில் வேலூரும் ஒரு களம். வயிற்றுப்போக்கே இல்லாத குழந்தைகளின் மலத்திலும் ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் இருந்தன, அவை இருந்த குழந்தைகள் உயரத்தில் பின்தங்கின. பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வேயில் கழிப்பறை, கைகழுவல், நீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றை மட்டும் கொடுத்துப் பார்த்ததில் உயரம் கூடவில்லை. கூடுதல் சத்துணவு கொடுத்த பிரிவில் கூடியது, அதுவும் சிறிதளவே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் செய்யக்கூடியது இதுதான்: காய்ச்சிய தண்ணீர், புட்டிக்குப் பதில் டம்ளரும் கரண்டியும், சமைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்ததைக் கொடுக்காமலிருப்பது. வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரை 20 மி.கி. வீதம் 14 நாள், வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் நிறுத்தாமல். காய்ச்சல் வந்த நாட்களில் பட்டினி போடுவது பெரிய தவறு. குணமான பின் இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால்தான் இழந்ததைப் பிடிக்க முடியும். பூச்சி மருந்து இந்த வயதுக்கு அல்பெண்டசோல் 200 மி.கி., பாதி மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கரைத்து.

'பிறகு பள்ளிக்கூடத்தில் சத்துணவில் தேறிவிடுவாள்' என்று தள்ளிப்போட வேண்டாம். தமிழ்நாட்டில் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதப் பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்த்து, கோடு சரியும் பிள்ளைக்கு மட்டும் சத்து உருண்டை கொடுத்தது இந்தக் காரணத்தால்தான். 2 வயதுக்குப் பிறகு சாப்பாட்டைக் கொட்டினால் உயரத்தைவிட எடைதான் எளிதில் ஏறும். 1969 முதல் 1972 வரை டெல்லியில் பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வில், 2 வயது வரை மெலிந்திருந்து பிறகு சதை போட்டவர்களிடம்தான் பெரியவரானபின் நீரிழிவு அதிகம் தெரிந்தது.

மூன்று மாதம் இப்படிக் கொடுத்துவிட்டு, அதே பலகையில் மறுபடி அளந்து பாருங்கள். 14 முதல் 17 மாதத்துக்குள் நடுமதிப்பு 76.4 செ.மீ.லிருந்து 79.7 செ.மீ.க்குப் போகிறது. இவள் 75.3 செ.மீ.யைத் தொட்டிருந்தால் சரிவு நின்றுவிட்டது, அதற்கு மேல் இருந்தால் பிடித்து ஏறுகிறாள். ஒன்றரை செ.மீ.கூட வளரவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் அளவுகள் எழுதிய அட்டையோடு போய் இரத்த எண்ணிக்கை, தைராய்டு, சிறுநீர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புயத்தின் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழே இருந்தாலோ, கால் வீங்கினாலோ, எடை குறையத் தொடங்கினாலோ மூன்று மாதம் காத்திருக்காதீர்கள்.